சீப்பைத் தள்ளிய கை

நடத்தைப் பயிற்சியாளர் என்று பெயர்ப்பலகை மாட்டி என்ன பயன்? மிட்டாய் டீச்சர் என்றால்தான் அக்கம்பக்கத்தில் தெரியும். பேச்சு வராத, ஓரிடத்தில் உட்காராத, எதற்கெடுத்தாலும் தலையைச் சுவரில் மோதும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடங்கள் கைகழுவிய பிறகு அவளிடம்தான் கொண்டுவருவார்கள். ஒரு மேஜை, இரண்டு குட்டி நாற்காலி, எந்தப் பிள்ளைக்கும் எட்டாத அலமாரியில் ஒரு மிட்டாய் ஜாடி. சொன்னதைச் செய்தால் ஒரு மிட்டாய், கூடவே "சமத்து" என்று ஒரு வார்த்தை. பழக்கதோஷம் லேசில் விடுமா? வீட்டில் கணவர் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தாலும் "சமத்து" என்பாள். "மிட்டாய் எங்க?" என்று அவரும் கையை நீட்டுவார்.

இப்படிச் சிரித்துப் பேசுகிறவள் தலை வாரும்போது மட்டும் ஒரு மாதிரி ஆகிவிடுவாள். சீப்பை எடுத்தால் போதும், மணிக்கட்டில் ஒரு குட்டி உள்ளங்கை வந்து பதியும். பிடிக்காது, கிள்ளாது. மெல்லத் தள்ளும். கணவரிடம் ஒருமுறை சொன்னாள். "நரம்புக் கோளாறா இருக்கும், டாக்டரைப் பாரு" என்றார். நரம்பாவது ஒன்றாவது! அது யாருடைய கை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பாப்பாவின் கை. டீச்சர் தொழிலுக்கு வந்த புதிதில் சேர்ந்த பெண் குழந்தை; பேச்சு கிடையாது. சீப்பைக் கண்டாலே உள்ளங்கையை விரித்துத் தள்ளுவாள். தள்ளினால் விட்டுவிடக் கூடாது, விட்டால் அதுவே பழகிப்போகும் என்பது அந்தக் காலத்தில் தொழிலின் பால பாடம். டீச்சரும் பிடித்த பிடியை விடவில்லை. குழந்தை தள்ளத் தள்ள, தொண்டை கட்டும்வரை அழ அழ, முகத்தில் ஒன்றையும் காட்டாமல் சீப்பைத் தலையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். ஒருநாள் அந்தக் கை தானாக மடிக்குப் போனது. பிறகு எழும்பவே இல்லை. பாப்பாவின் அம்மா காலில் விழாத குறைதான்.

அந்த அம்மாதான் பல வருடம் கழித்து இப்போது வாசலில் வந்து நின்றாள். பக்கத்தில் பாப்பா. பேர்தான் பாப்பா, ஆள் அம்மாவைவிட உயரம். உதடெல்லாம் வெந்து தோல் உரிந்திருந்தது.

"காகிதப்பை ஒட்டுற எடத்துல யாரோ கொதிக்கக் கொதிக்க டீயைக் குடுத்து, குடின்னுட்டுப் போயிருக்காங்க டீச்சர். அழுதுக்கிட்டே முழுசாக் குடிச்சிருக்கா. கீழ வைக்கத் தெரியல."

டீச்சர் பாப்பாவின் கைகளைப் பார்த்தாள்.

"அடுத்த மாசம் எனக்கு ஆபரேஷன். இவளை ஒரு விடுதியில விட்டுட்டுத்தான் போகணும். எவனாவது வான்னு கூப்பிட்டாலும் போயிடுவாளே. வேண்டாம்னு காட்ட மட்டும் சொல்லிக் குடுத்துடுங்க. நீங்க சொன்னா அவ கேப்பா."

வினையே அதுதானே. இதை அந்த அம்மாவிடம் எந்த முகத்தோடு சொல்வது?

மறுநாளே அவர்கள் வீட்டுக்குப் போனாள். சர்க்கரை போடாத எலுமிச்சைச் சாற்றைப் பாப்பா முன்னால் வைத்து, "தள்ளு" என்றாள். பாப்பா டம்ளரைத் தள்ளினாள். டீச்சருக்கு உயிர் வந்தது. அடுத்த நொடியே பாப்பா டம்ளரை இழுத்து, முகம் கோணக் கோண ஒரே மூச்சில் குடித்துவிட்டு, 'சமத்து' என்ற சொல்லுக்காக டீச்சரின் வாயையே பார்த்தாள். தள்ளச் சொன்னார்கள், தள்ளினாள். அவ்வளவுதான் விஷயம்.

அன்றைக்கு டீச்சர் மிட்டாயைப் பையிலேயே விட்டுவிட்டுச் சீப்பை எடுத்தாள். வாயே திறக்கவில்லை. வாரிக்கொண்டே பாப்பாவின் உடம்பைப் பார்த்தாள். கைகள் மடியில் கல்லாகக் கிடந்தன. ஆனால் சிக்கில் சீப்பு இழுத்தபோது இடது தோள் துளி உயர்ந்தது. டீச்சர் உடனே சீப்பை வைத்துவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்தாள். நிறுத்துவதுதான் இப்போது மிட்டாய். தினமும் இதே கதை. தோள் உயர்ந்தால் நிறுத்தினாள். சில நாளில் தலை திரும்பியது, அதற்கும் நிறுத்தினாள்.

"தலையையாவது முழுசா வாரி விடலாம்ல டீச்சர்? காக்காக்கூடு மாதிரி கெடக்கு" என்று அம்மா அலுத்துக்கொண்டாள். பெட்டி கட்டி ஆகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் நெருங்கிவிட்டது. பாப்பாவின் கை ஒருமுறை மடியிலிருந்து கொஞ்சம் எழும்பி, பயந்ததுபோலத் திரும்பப் படுத்துக்கொண்டது.

அடுத்த நாள் நல்ல மழை. அம்மா கதவைத் திறந்ததும் டீச்சர் ஒரு காலை உள்ளே வைத்தாள். நாற்காலியில் இருந்த பாப்பா எழுந்து வந்தாள். டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். உள்ளங்கையை விரித்து அவள் நெஞ்சில் வைத்துத் தள்ளினாள்.

"ஏய், டீச்சரையா தள்ளுற? கையை எடு" என்றாள் அம்மா.

கை தளர்ந்தது. இறங்கப் பார்த்தது. அது இறங்குவதற்குள் டீச்சர் பின்னால் போய் வாசலுக்கு வெளியே நின்றாள்.

"அவளை ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. நான் போறேன். கதவைச் சாத்துங்க."

"மழை பெய்யுதே டீச்சர். துவட்டிட்டாவது போங்க."

"அவதான் வேண்டாங்கிறாளே. சாத்துங்கம்மா."

நுனி நாக்குவரை வந்த "சமத்து" என்ற சொல்லை விழுங்கிக்கொண்டாள். அந்த அம்மாவுக்கு என்ன புரிந்ததோ, அழுதுகொண்டே கதவைச் சாத்தினாள்.

டீச்சர் அதற்குப் பிறகு அந்தத் தெருப்பக்கம் போகவில்லை. மறுநாள் காலை கண்ணாடி முன்னால் நின்று சீப்பை எடுத்தாள். குட்டிக் கை மணிக்கட்டில் வந்து பதிந்து, மெல்லத் தள்ளியது. அவள் சீப்பைக் கீழே வைத்துவிட்டாள்.