மூணே மூணு காந்தள் பூ

அபூர்வச் செடிகளைக் கணக்கெடுக்கும் வேலையில் செடியைக் கண்டுபிடிப்பது சுலபம். கண்டுபிடித்த பிறகு அதை மனுஷர்களிடமிருந்து காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. இதே பிழைப்பில் மாட்டிக்கொண்ட பாவப்பட்ட ஜென்மங்களே, என்னோடு சேர்ந்து ஒரு பெருமூச்சு விடுங்கள். வெளியூர்ப் புதர்களில் செங்காந்தள் இன்னும் உண்டு. ஆனால் எனக்கு ஒதுக்கிய தி. நகர், மயிலாப்பூர், அடையாறு மூன்றுக்கும் சேர்த்து அகப்பட்டது ஒரே ஒரு கொடி. அடையாற்றில் ஒரு காலி மனையின் ஓரத்தில் மூன்று மொட்டுகளோடு நின்றது. ஒரு காயாவது முற்றி விதை விட்டால், பட்டியலில் 'காக்கப்பட வேண்டியது' என்று எழுதி அந்த மூலைக்கு வேலி போடுவார்கள். இல்லையென்றால் மனை முழுக்கக் கார் நிறுத்துமிடம்!

தெரியாதவர் யார்?

கொடி கிடைப்பதற்கு முன்னால் போட்டோவும் கையுமாகத் தெருத்தெருவாக அலைந்தேன். தி. நகர் ஜவுளிக்கடை அண்ணாச்சி போட்டோவைப் பார்த்ததுமே, "நம்ம மாநிலப் பூவாச்சே!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கே பார்த்தீர்கள் என்றேன். அவர் அலமாரியிலிருந்து மூன்று சேலைகளை உருவிப் போட்டார்.

"இந்தக் கலர்தான தாயி? பூவத் தேடி எதுக்கு வெயில்ல அலையுத? இத எடுத்துக்க, சாயம் போவாது."

முதல் பூ

முதல் மொட்டு விரிந்த அன்று பெருமை தாங்காமல் பலகை நட்டேன்: 'மிக அபூர்வமான பூ. பறிக்காதீர்கள்.' மறுநாள் காலை பலகை இருந்தது, பூ இல்லை. எதிர் அடுக்ககத்து மாமி பூக்குடலையோடு படியேறிக்கொண்டிருந்தார். குடலையில் நம்ம காந்தள்! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏண்டிம்மா, அபூர்வம்னு நீதானே எழுதி வெச்சே? கிருத்திகையும் அதுவுமா அபூர்வமான பூவை எங்காத்து முருகனுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கறது?"

இரண்டாவது பூ

பலகையைப் பிடுங்கி எறிந்தேன். தெருவைப் பெருக்கும் அஞ்சலை அக்காவிடம், "மனையைச் சுத்தம் பண்ணும்போது இந்தக் கொடியை மட்டும் தொடாதீங்க" என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன். அவர் தொடவே இல்லை. அது பற்றி ஏறியிருந்த புதரைத்தான் வேரோடு வெட்டி வாரிப் போட்டிருந்தார். பிடிமானம் போன கொடி சேற்றில் விழுந்து, இரண்டாவது பூ நசுங்கிக் கிடந்தது. நான் கத்தின கத்தலில் தெருவே எட்டிப் பார்த்தது.

"இன்னாத்துக்கு இப்போ கூவுற? அத்தத் தொடாதன்ன. தொட்டனா? சுத்தி கீற குப்பையத்தானே எடுத்தேன்?"

மூன்றாவது பூ

மறுநாள் விடிந்ததும் ஓடினேன். கொடி ஜம்மென்று நின்றது! உடைந்த துடைப்பக் கம்பை நட்டு அதில் கட்டி, கொடியின் இடுப்பில் மஞ்சள் துணி சுற்றி, கம்புக்குக் குங்குமம் வைத்திருந்தார் அஞ்சலை அக்கா. போகிற வருகிற ஆட்களெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். உச்சியில் மூன்றாவது பூ தகதகவென்று விரிந்திருந்தது. அந்த நேரம் பார்த்து மாமி குடலையோடு வந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. மாமியோ குடலையிலிருந்த சாமந்தியை எடுத்துக் காந்தள் காலடியில் வைத்துக் கும்பிட்டார். இதைப் பறிக்கவில்லையா மாமி என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"அபசாரம்! அம்பாள் தலையில இருக்கற பூவை யாராவது பறிப்பாளோ?"

கடைசிக் கட்டம்

மார்கழியில் காய் வெடித்தது. உள்ளே மணிமணியாகச் செக்கச்செவேலென்று விதை! நடுரோட்டில் அஞ்சலை அக்காவைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். "விடு, இடுப்புப் புடிச்சிக்கிச்சு" என்று அவரும் சிரித்தார். சரிபார்க்க வந்த அதிகாரி ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் காயை அளந்தார். 'காக்கப்பட வேண்டியது' என்று எழுதிவிட்டு, அடுத்த கட்டத்தில் பேனாவை நிறுத்தினார்.

"'பராமரிப்பவர்'னு இங்க ஒரு கட்டம் இருக்கும்மா, அம்மன்னு போடறதா, அஞ்சலைன்னு போடறதா?"

அஞ்சலை என்றே போடச் சொன்னேன். அபூர்வம் என்று பலகை நட்டவள் பெயரை எழுத அந்தப் படிவத்தில் நல்லவேளையாகக் கட்டமே இல்லை.