முதல் மிதி

அறுபதுகளின் நடுவில் என் அக்காவின் கணவர் ஒரு கார் வாங்கினார். புதுச்சேரியை விட்டுக் கப்பலேறிய வெள்ளைக்காரர் ஒருவர் விற்றுவிட்டுப் போனது. இரண்டு பேர்தான் உட்காரலாம். துணிக்கூரை. தரையோடு ஒட்டிக்கொண்டு ஓடும். செஞ்சி பஸ் ஸ்டாண்டு வழியாக அது வந்தால், பஸ்ஸில் ஏறக் காலைத் தூக்கியவர்கள்கூட இறங்கி நின்று பார்ப்பார்கள். எங்கள் தெருவில் அதற்கு ரேஸ் காரு என்று பெயர்.

தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அக்காவையும் மூன்று மாதக் குழந்தையையும் அழைத்துப் போக மாமா அந்தக் காரில்தான் வந்தார். வாடகைக் கார் பேசலாம் என்று அம்மா சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வரும்போதே முன்சக்கரங்களில் இரும்போடு இரும்பு உரசும் கிறீச்சொலி. பிரேக் பேட் தேய்ந்து போயிருந்தது. சென்னையில் வாங்கிய புதுப் பேட்கள் காரிலேயே கிடந்தன. பஸ் ஷெட் மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றார் மாமா. நான் மாட்டுகிறேன் என்றேன்.

அப்போது நான் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தேன். சென்னையில் கூடப் படித்த ஒருவனிடம் இப்படி ஒரு கார் இருந்தது. அதற்குப் பேட் மாற்றியபோது பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறேன். மாமா இன்ஜினியர். அவர் முன்னால் ஏதாவது ஒன்றைச் செய்து காட்ட வேண்டும் என்று எனக்கிருந்தது.

"இன்னா மச்சான், கடைசில ஒரு நட்டு மீந்து போச்சின்னு வந்து நிக்காத."

"மீந்துதுன்னா உங்களுக்கே குடுத்துடறன் மாமா. மோதரமா போட்டுக்குங்க."

அவர் சிரித்துக்கொண்டே சாப்பிடப் போனார்.

பஸ், லாரியில் இருப்பதுபோல் அதன் முன்சக்கரங்களில் டிரம் கிடையாது. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஒரு இரும்புத் தட்டு. இரண்டு பக்கமும் அதைக் கவ்விப் பிடிக்க இரண்டு பேட்கள். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினேன். பேட்களைப் பிடித்து வைத்திருக்கும் பின்களை இழுத்ததும் பழைய பேட்கள் கையோடு வந்துவிட்டன. புதியவை தடிமனானவை என்பதால், பேட்களைத் தள்ளும் பிஸ்டன்களை நெம்பி உள்ளே அமுக்கினால்தான் இடம் கிடைக்கும். அமுக்கினேன். இரண்டு பக்கமும் வேலை சுத்தமாக முடிந்தது.

ஒன்றுதான் பாக்கி. உள்ளே அமுங்கிய பிஸ்டன்கள் தாமாக வெளியே வராது. உட்கார்ந்து பிரேக்கை நாலைந்து முறை மிதிக்க வேண்டும். மிதிக்காமல் வண்டியை எடுத்தால் முதல் மிதி வெறும் மிதியாகத் தரைவரைக்கும் போய்விடும், வண்டி நிற்காது. இது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்த தவறாக இருந்தால் இத்தனை வருடம் கழித்து இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

ஒரு காலை உள்ளே வைத்தேன். அம்மா குங்குமமும் எலுமிச்சம் பழமுமாக வந்தாள்.

"டேய், எறங்கு. பச்சப்புள்ளயோட மொதமொதல்ல ஏறப் போறாங்க. பொட்டு வைக்கப் போறன், இனிமே வேற யாரும் ஒக்காரக் கூடாது."

"ஒரு நிமிசம்மா. பிரேக்க மிதிக்கணும்."

"அதெல்லாம் உங்க மாமா மிதிப்பாரு. நீ போய் கைய கழுவு, ஒரே கிரீசு."

கிளம்பும்போது மாமாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று இறங்கிவிட்டேன். கிணற்றடியில் மண்ணெண்ணெயும் சோப்பும் போட்டுத் தேய்த்தும் கிரீஸ் போகவில்லை. ராகுகாலம் வருகிறது, சீக்கிரம் என்று நைனா அதட்டுவது கேட்டது. பிறகு என்ஜின் சத்தம். ஈரக்கையோடு வாசலுக்கு ஓடி வந்தபோது எலுமிச்சம் பழங்கள் நசுங்கிக் கிடந்தன. கார் பத்தடி தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

வாயைத் திறந்தேன். கூப்பிடவில்லை.

கிளம்பிப் போகிறவர்களைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. எங்கள் வீட்டில் அது கடுமையான விதி. அதிலும் கைக்குழந்தையோடு முதல் பயணம். அதனால்தான் கூப்பிடவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லி வந்தேன். உண்மை அதுவல்ல. கூப்பிட்டிருந்தால் மாமா வண்டியை நிறுத்தப் பார்த்திருப்பார், அது நின்றிருக்காது, அந்த இடத்திலேயே எல்லார் முன்னாலும் என் வேலை சிரிப்பாய்ச் சிரித்திருக்கும். அந்த மெதுவான வேகத்தில் யாருக்கும் ஒரு கீறல்கூட விழுந்திருக்காது. மானம் மட்டும்தான் போயிருக்கும்.

கூப்பிடாமல் ஓடினேன். எங்கள் தெரு திண்டிவனம் ரோடு வரைக்கும் லேசான இறக்கம். நடுவில் எங்காவது ஒரு தடவை பிரேக்கைத் தொடமாட்டாரா, ஒரு நாய் குறுக்கே வராதா என்று பார்த்துக்கொண்டே ஓடினேன். தெரு காலியாகக் கிடந்தது. அக்கா திரும்பிப் பார்த்தாள். வழியனுப்ப ஓடி வருகிறேன் என்று நினைத்துக் குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு ஆட்டிக் காட்டினாள்.

தெருமுனையில் மணிலாக்கொட்டை மூட்டைகளோடு ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்தது. மாமாவின் தோள் பின்னுக்குச் சாய்ந்தது. மிதிக்கிறார். பிரேக் பிடித்தால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு எரியவில்லை. கார் மாட்டுவண்டியை விட்டு விலகி, முனையில் நட்டிருந்த கல்தூணில் மோதியது.

குழந்தையின் அழுகை கேட்டு ஓடிப் போனேன். குழந்தைக்கு ஒன்றுமில்லை. அக்கா இடக்கையால் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வலக்கையை முன்னால் ஊன்றியிருக்கிறாள். அந்த மணிக்கட்டு உடைந்துவிட்டது.

"கொழந்தைய வச்சிக்கினு இன்னாய்யா வேகம்?" என்று வண்டிக்காரர் கத்தினார். மாமா இருந்த இடத்திலேயே, "மிதிச்சன், மிதிச்சன்" என்று பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நான் மிதித்திருக்க வேண்டிய மிதிகள். ஒவ்வொரு மிதிக்கும் பிஸ்டன்கள் வெளியே வந்துகொண்டிருந்தன.

பஸ் ஷெட் மெக்கானிக் வந்து அமுக்கிப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்குது சார் பிரேக்கு. பதட்டத்துல கிளச்ச மிதிச்சிட்டிருப்பீங்க."

மாமா என்னைப் பார்த்தார். "நீ மாட்னதெல்லாம் சரியாத்தான இருக்குது?"

"சரியாத்தான் இருக்குது மாமா."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அவர் காரை விற்றுவிட்டார். அதற்குப் பிறகு எந்த வண்டியின் ஸ்டியரிங்கையும் தொடவில்லை. செஞ்சிக்கு வரும்போதெல்லாம் பஸ்ஸில்தான் வந்தார். நைனா கடைசிவரை அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்காவின் மணிக்கட்டு கோணலாகவே கூடியது. அந்தக் கையால் இன்றைக்கும் அவளால் தண்ணீர்க் குடம் தூக்க முடியாது.

பல வருடம் கழித்து, மாமா படுக்கையில் இருந்தபோது பார்க்கப் போயிருந்தேன். அக்கா உள்ளே கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கி என் காலு எங்க போச்சின்னே தெரியல மச்சான்" என்றார். "உங்க அக்கா கைய பாக்கும்போதெல்லாம் அதான் நெனப்பு."

சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது.

"உடுங்க மாமா. யாரும் உங்கள தப்பா நெனைக்கல" என்றேன். அவர் கண்ணில் நீர் வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் செய்யாத தவறுக்கு நான் மன்னிப்புக் கொடுத்தேன், அவர் வாங்கிக்கொண்டார்.

மாமா போய்விட்டார். அக்கா இருக்கிறாள். கண்ணாடி போட்டுக்கொண்டு எதையும் எழுத்து விடாமல் படிப்பாள். இதையும் படிப்பாள்.