தோல்துண்டும் நிக்கல் அணுவும்

ஆம்பூர் தோல்துண்டிலிருந்து ஒரு வினையூக்கி செய்யப்போகிறேன் என்று நான் சொன்னபோது முதலில் முகம் சுளித்தவர் என் அப்பா. தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் இருபது வருடத்துக்கு மேலாக நிற்பவர். நான் வேலூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆராய்ச்சி மாணவி. கரியமில வாயுவை மின்சாரத்தால் கார்பன் மோனாக்சைடாக மாற்றுவது என் வேலை. அதிலிருந்து எரிபொருள்வரை செய்ய முடியும்.

பதனிடுவதற்காக குரோம் ஏற்றிய தோல் எனக்கு ஆகாது, அந்த உலோகமும் வினையில் தலையிடும். அதற்கு முன்பே வெட்டி எறியும் ஓரத்துண்டுகள் வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டேன்.

“நா இந்த நாத்தத்துல நின்னது போதும்னுதான் உன்ன படிக்க வெச்சேன். நீ அதையே மூட்டை கட்டினு காலேஜுக்குப் போறியா?”

“அந்த நாத்தத்துலதாம்பா எனக்கு வேண்டிய நைட்ரஜன் இருக்குது” என்றேன்.

மூன்றாம் நாள் அப்பா ஷிப்ட் முடிந்து வரும்போது ஒரு பை நிறையக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்ததாகச் சொன்னார்.

அதை மூன்று பிளாஸ்டிக் உறையில் சுற்றிக்கொண்டு வேலூர் பஸ் ஏறினேன். பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் பக்கத்து சீட்டில் இருந்த யாரோ ஒரு அம்மாள் எழுந்து வேறு இடம் போய்விட்டார். கண்டக்டர் வந்து, பையில் என்ன என்று கேட்டார். தோல் என்றேன். பின்படிக்கட்டுப் பக்கம் போய் நிற்கச் சொன்னார். டிக்கெட் எடுத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே வந்தேன். மறுநாள் ஆய்வகத்தில் யாரோ கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள்: ‘மூக்கை மூடிக்கொண்டு வரவும்.’ கிழித்துப் போட்டேன்.

துண்டுகளைக் கழுவி, நிக்கல் உப்பில் ஊறவைத்து, காற்றில்லாத உலையில் சுட்டால் தோல் கரியாகிவிடும். அந்தக் கரியில் தங்கும் நைட்ரஜன், நிக்கல் அணுக்களை ஒவ்வொன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். தனியாக உட்கார்ந்த அணுவிடம் கரியமில வாயு வந்து மோனாக்சைடாக மாறிப்போகும். அணுக்கள் ஒன்றுகூடிக் கட்டியாகிவிட்டால், மின்சாரம் பெரும்பாலும் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனை எடுப்பதிலேயே வீணாகும். கடையில் வாங்கும் சுத்தமான ரசாயனங்களை வைத்தும் இதைச் செய்யலாம். நான் எங்கள் ஊரில் குழிவெட்டிக் கொட்டுவதை வைத்துச் செய்ய நினைத்தேன்.

முதல் எட்டு மாதம் கட்டிதான் வந்தது. நிக்கலைக் கம்மி பண்ணினேன். சுட்ட கரியை அமிலத்தில் மறுபடி மறுபடி கழுவினேன். பிறகு வேறு ஊரிலிருக்கும் பெரிய மின்னணு நுண்ணோக்கிக்கு மாதிரியை அனுப்பினேன். வந்த படத்தில் கறுப்புப் பரப்பின்மேல் வெள்ளைப் புள்ளிகளாக நிக்கல் அணுக்கள், ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக இருந்தன. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டே அதைப் பார்த்தேன்.

அடுத்த மாதம் என் ஆராய்ச்சியை மதிப்பிடும் குழு கூடியது. வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பேராசிரியர் பாதியிலேயே கையை உயர்த்தினார். தோலில் உப்பு, சுண்ணாம்பு, அழுக்கு என்று என்னென்னவோ இருக்கும். நீ காட்டும் மோனாக்சைடு அந்தத் தோல்கரியே சிதைந்து வருவதாக இருக்கலாம் என்றார். அதைச் சோதித்த படம் அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது என்றேன். படத்தை யாரும் எப்படியும் போடலாம் என்று அவர் சொன்னதும் எனக்குக் காது சூடாகிவிட்டது.

“ரெண்டு மணி நேரம் இருங்க சார். உங்க கண்ணு முன்னாடியே ஓட்டிக் காட்டுறேன்.”

என் வழிகாட்டி மேடம் என்னை ஒருமுறை பார்த்தார், தடுக்கவில்லை. பேராசிரியரின் ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது, ஆய்வகத்துக்கு வந்தார். வினை நடக்கும் மின்கலத்தில் கரியமில வாயுவுக்குப் பதில், எதோடும் வினைபுரியாத ஆர்கான் வாயுவை விட்டேன். கரிதான் சிதைகிறது என்றால் இப்போதும் மோனாக்சைடு வரவேண்டும். வாயுவை அளக்கும் கருவியின் திரையில் ஹைட்ரஜன் மட்டும் எழும்பியது. மோனாக்சைடு வரவேண்டிய இடத்தில் கோடு தட்டையாகவே போனது. பிறகு கரியமில வாயுவைத் திறந்தேன். அடுத்த அளவில் அதே இடத்தில் கோடு உயர்ந்து நின்றது.

“டேட்டா சரிதான்” என்றார் பேராசிரியர். பிறகு, இதை இதழுக்கு எழுதி அனுப்பும்போது கட்டுரைத் தலைப்பில் தோல் என்று போடவேண்டாம், உயிரிக் கழிவு என்று மாற்றினால் பார்ப்பவர்களுக்குக் கௌரவமாக இருக்கும் என்று யோசனை சொன்னார்.

“இதுல ஆரஞ்சுத் தோலோ தேங்காய் ஓடோ இல்ல சார். மாட்டுத் தோலு. அப்படியேதான் போடுவேன்.”

அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மேடம் கோபித்துக்கொள்வார் என்று நின்றேன். “அப்படியே அனுப்பு. திரும்பி வந்தா வேற இடத்துக்கு அனுப்பலாம்” என்று மட்டும் சொன்னார்.

கட்டுரை ஒருமுறை திரும்பித்தான் வந்தது. இரண்டாவது இடத்தில் ஏற்றார்கள், தலைப்பில் ஒரு எழுத்தும் மாறாமல். ஆனால் அந்த வினையூக்கி இன்னும் தொழிற்சாலைக்குப் போகும் நிலையில் இல்லை. பல மணி நேரம் ஓடினால் சோர்ந்து, ஹைட்ரஜன் பக்கம் சாய்ந்துவிடுகிறது. இதைச் சொல்லிக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லட்டும். ஏன் சோர்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்; தோலை மாற்றினால் அதுவும் மாறுகிறதா என்று பார்க்க, இந்த வாரம் ஆட்டுத்தோலை உலையில் வைத்திருக்கிறேன்.