ஒழுக விடுங்கள் என்றார் டாக்டர்

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் 'சொட்டு' என்று பெயர். குழாய் வேலை செய்பவர். யார் வீட்டில் எந்தக் குழாய் சொட்டினாலும் அவர் காதில் விழுந்துவிடும். விழுந்துவிட்டால் இருப்புக் கொள்ளாது. கல்யாணமான புதிதில் என் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்ப் பின்பக்கக் குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டார். நல்ல மாப்பிள்ளை, இனி வேலைக்கு ஆள் தேட வேண்டாம் என்று அக்கா சிரித்தாள். எனக்கு மானமே போயிற்று.

பள்ளத்தில் இறங்கிக் குழாய் பதிக்கும்போது மண் சரிந்து அவருடைய இடது கால் கூழாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தது போக மிஞ்சிய தொடை ரொம்பக் குட்டை. தொடையை நுழைத்துக்கொள்கிற செயற்கைக் காலின் கிண்ணம் அதில் நிற்கவே இல்லை. எழுந்து நாலடி வைத்தால் கால் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம்.

எலும்பு டாக்டரம்மா வேறு வழி சொன்னார். தொடை எலும்புக்குள் ஓர் உலோகக் கம்பியைத் திருகி ஏற்றுவார்களாம். எலும்பு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதும், கம்பியின் நுனியைத் தோல் வழியாக வெளியே விட்டு அதிலேயே காலை மாட்டிவிடுவார்களாம். இரண்டு ஆபரேஷன். எல்லாம் முடிந்து முதல்முறை எழுந்து நின்றவர் அந்தக் காலால் தரையைத் தட்டிப் பார்த்தார்.

"தரை தெரியுதுடி. எலும்புலயே வந்து சொல்லுது" என்றார்.

நான் எல்லார் முன்னாலும் அழுதேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். கம்பி வெளியே வருகிற இடத்தில் கொஞ்சம் நீர் கசியும். அது இயல்பு. தினமும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அடைக்க மட்டும் செய்யாதீர்கள், ஒழுக விடுங்கள். யாரிடம் போய் இதைச் சொன்னார் பாருங்கள்! இவரும் நன்றாகத்தான் தலையாட்டினார்.

வீட்டில் தானே கழுவிக்கொள்வதாகச் சொல்லிக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்வார். உதவிக்கு வரட்டுமா என்றால் எரிந்து விழுவார். கொஞ்ச நாளில், கசிவு நின்றுவிட்டது என்று பெருமையாகச் சொன்னார். எனக்கும் நிம்மதியாக இருந்தது. அப்புறம் காய்ச்சல் வந்தது. தொடை வீங்கிச் சிவந்து கொதித்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் துணியை விலக்கினார். குழாய் இணைப்பில் சுற்றுகிற வெள்ளை டேப், கம்பியோடு சேர்த்துத் தோல்வரை இறுக்கிச் சுற்றியிருந்தது. அதற்கு அடியில் குழாய் அடைக்கிற பசை. வேலை சுத்தமாக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். அங்கேயே அவரை நாலு அறை அறையலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

"ஏங்க, அந்தம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே?"

"சொன்னாங்கதான். ஒழுகுறதைப் பாத்துக்கிட்டு எப்படிடி சும்மா இருக்கிறது? என்னால முடியலை" என்றார்.

புரியாமல் செய்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன்.

டாக்டரம்மா என்னைத் தனியாக அழைத்துப் போனார். வெளியே வர வழியில்லாமல் சீழ் எலும்புக்குள் ஏறிவிட்டது. கம்பியை எடுத்தாக வேண்டும், கெட்டுப்போன எலும்பையும் வெட்டியாக வேண்டும். மிஞ்சுவதில் இன்னொரு கம்பி நிற்காது. கிண்ணம் வைத்த காலும் ஏற்கெனவே நிற்கவில்லை. கம்பியை எடுக்கப்போவதை மட்டும் அவரிடம் சொல்லியிருப்பதாகவும், மற்றதை நான் பக்குவமாகச் சொன்னால் நல்லது என்றும் சொன்னார். கட்டில்வரை போனேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்துக் கிட்டே இழுத்தார்.

"கம்பியை மெதுவாத் திருகிக் கழட்டச் சொல்லு. எலும்புல மரை கெட்டுப்போச்சுன்னா, அடுத்த தடவை மாட்டுறப்ப பிடிக்காது."

டாக்டரம்மா பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவருக்கும் கேட்டிருக்கும். இவரோ, நான் சொல்வதற்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் டாக்டரம்மா பக்கம் திரும்பி, "மெதுவாக் கழட்டச் சொல்றாருங்க" என்றேன்.