முதல் சுற்றிலேயே ஐந்தைப் போட்டவள்

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு நிவேதிதா போன் செய்தார். "சார், தாமு அண்ணா போயிட்டாங்க. வீட்லயேதான். ஹார்ட் அட்டாக்னு சொல்றாங்க." போனை வைத்துவிட்டு எங்கள் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தேன், ஏனென்று தெரியாது. தாமோதரன் சாரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கழுதை பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது.

அவரை அறியாதவர்களும் இந்த நினைவு மலரைப் படிப்பார்கள் என்பதால் முதலில் அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரும்புலியூர்க்காரர். ஒரகடம் பக்கம் பிரேக் பாகங்கள் செய்யும் நம் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். நான் பாகங்களைச் சூடேற்றி இறுக்கும் ஃபர்னஸ் பிரிவின் பொறுப்பாளன். தாம்பரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் இருவருக்கும் அடுத்தடுத்த இருக்கை. அவர் கையெழுத்துப் போடாமல் ஒரு பிரேக் பின் கூட வெளியே போகாது. அதனால் உற்பத்திப் பிரிவில் அவரைத் திட்டாதவர்கள் குறைவு. நானே வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

டிசைன் பிரிவின் நிவேதிதாதான் அவரையும் பஸ்ஸில் கூட வரும் எங்களையும் மாங்கா என்னும் ஜப்பானியச் சித்திரக்கதைப் பக்கம் இழுத்துவிட்டவர். உயிரைப் பணயம் வைத்துச் சூதாடும் ஒரு பெண்ணைப் பற்றித் தொடராக வரும் கதை அது. அடுத்து அவள் என்ன செய்வாள் என்று பஸ்ஸில் ஆளாளுக்கு ஒரு தியரி சொல்வோம். தியரி பொய்த்தால் குழுவில் தன் படத்தை எடுத்துவிட்டுக் கழுதைப் படம் போட வேண்டும். பல பேர் தோற்றால், முதலில் ஒத்துக்கொள்பவருக்கே கழுதை. அதை இன்னொருவர் எடுத்துக்கொள்ளும் வரை அவருக்கு விடுதலை கிடையாது. எங்களில் யாருக்கும் சட்டென்று ஒத்துக்கொள்ளும் பழக்கம் இல்லாததால் கழுதை பெரும்பாலும் தாமோதரன் சாரிடமே இருந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் கதையில் ஒரு பெரிய ஆட்டம் தொடங்கியது. இருவருக்கும் ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்ட ஐந்து சீட்டுகள். சுற்றுக்கு ஒரு சீட்டு, பெரிய எண்ணுக்கு வெற்றி, மொத்தத்தில் தோற்றால் உயிர் போகும். முதல் சுற்றில் எதிராளி ஒன்றைப் போட்டான். இவளோ ஐந்தைப் போட்டாள். கையிலிருந்த பெரிய சீட்டு, ஒன்றுக்கும் ஆகாத சீட்டின் மேல் வீணாய்ப் போனது.

இது மாபெரும் தந்திரம் என்று நாங்கள் எல்லோரும் சத்தியம் செய்தோம். தாமோதரன் சார் மட்டும் மறுப்பாகத் தலையை ஆட்டினார். "தந்திரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. கை தவறிடுச்சு. சீட்டை வைக்கறதுக்கு முன்னாடி எப்பவும் ஒரு தபா திருப்பிப் பாப்பா. இந்தத் தபா பாக்கல."

அந்தப் பேச்சு நடந்த காலையில் பஸ் படப்பை கடைத்தெருவில் சிக்கி நின்றது. நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காரணம் சீட்டாட்டம் அல்ல. நான்கு நாள் முன்பு ஒரு ட்ரே பிரேக் பின்களை ஃபர்னஸில் ஏற்றும்போது, முந்தைய வேலைக்கு வைத்திருந்த சூட்டை மாற்ற மறந்துவிட்டேன். பரிசோதனைக்கு அனுப்பிய மாதிரிப் பின்கள் நல்லவேளையாக வேறு ட்ரேயிலிருந்து எடுத்தவை. அவற்றைச் சோதித்து தாமோதரன் சார் கையெழுத்திட்டார். மறுநாள் பதிவேட்டைப் பார்த்தபோதுதான் என் தவறு எனக்கே தெரிந்தது. நல்லவேளை என்று எழுதிவிட்டேன் பாருங்கள், அன்று அப்படித்தான் நினைத்தேன். வேலை போய்விடும் என்ற பயத்தில் மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பின்கள் இரு சக்கர வண்டிகளின் பிரேக்குக்குப் போகிறவை. லாரி ஒன்பது மணிக்குக் கிளம்ப வேண்டும். மணி எட்டு ஐம்பது.

"சரி அண்ணா, தப்புதான்னே வெச்சுக்கங்க. இப்ப அவ என்ன செய்வா?" என்று கேட்டார் நிவேதிதா.

"இன்னா செய்வா? தெரிஞ்சேதான் போட்டேன்னு நடிக்கணும். அடுத்த சுத்துலயும் நடிக்கணும், அதுக்கடுத்த சுத்துலயும். தப்பு ஒரு சீட்டோட முடிஞ்சுபோச்சு நிவேதிதா. அதை மறைக்கறதுக்கு ஆடற ஆட்டம் கீது பாரு, அதுதான் ஆளைக் கொல்லும்." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "இன்னா சார், உங்களுக்கு இப்படி வேர்க்குது?"

பஸ் ஓர் அடி நகர்ந்து மறுபடி நின்றது. எட்டு ஐம்பத்து நான்கு. போனை எடுத்தேன். அவசரத்தில் இரண்டு முறை தப்பான பெயரை அழுத்தி, மூன்றாவதில் லோடு அனுப்பும் பையனைப் பிடித்தேன்.

"லோடு கெளம்பிடுச்சா?"

"கேட்டாண்ட நிக்குது சார். சீல் வெச்சாச்சு."

"அனுப்பாத. நான் வர்ற வரைக்கும் அனுப்பாத."

பஸ்ஸில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பதிவேட்டில் ஒரு சந்தேகம் என்று மட்டும் சொன்னேன். இப்போதுதான் நினைவுக்கு வந்ததாகச் சொன்னேன். அது என் இரண்டாம் சுற்று.

தாமோதரன் சார் அன்று மதியச் சாப்பாட்டுக்குக்கூடப் போகவில்லை. நின்றபடியே அந்த லோடு முழுவதையும் பிரித்துச் சோதித்தார். சரியாக இறுகாத மென்மையான பின்கள் தனியே குவிந்தன. அறிக்கையில் அவர் எழுதியது எனக்கு மனப்பாடம்: "இரண்டு ட்ரேயிலும் மாதிரி எடுக்காமல் விட்டது என் தவறு." மாதிரி கொடுத்தவன் நான். ஆனால் மெமோ அவருக்கு. விழிப்புடன் லாரியை நிறுத்தியதற்காகப் பாராட்டுச் சான்றிதழ் எனக்கு. அதைக் கொடுத்த கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து அவர் கை தட்டினார். என் முகத்தை நிமிர்த்தி அவரைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அவருக்கு என் கதை தெரியுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் கேட்கவில்லை. அதன் பிறகும் இரண்டு ஆண்டுகள் தினமும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு, நான் நடித்துக்கொண்டே வந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த ஆட்டம் ஒருவழியாக முடிந்தது. ஐந்தைப் போட்டது தந்திரமேதான் என்று கதையில் வந்துவிட்டது. கடைசிச் சுற்று வரை எல்லாம் அவள் போட்ட கணக்கு. குழுவில் கேலி தொடங்கும் முன்பே அவர் எழுதிவிட்டார்: "என் தியரி தப்பு. ஒத்துக்கறேன். கழுதை போட்டாச்சு." அதுதான் எங்களுக்கு அவர் எழுதிய கடைசி வரி.

இறுதிச் சடங்கில் நிவேதிதா என்னிடம், "பாவம் சார், கழுதையோடயே போயிட்டாரு. யாராவது எடுத்துக்கிட்டாத்தானே அண்ணாவுக்கு விடுதலை?" என்று சொல்லி அழுதார்.

தாமோதரன் சார், கதையில் நீங்கள் தோற்றிருக்கலாம். படப்பை கடைத்தெருவில் நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை. அந்த லாரியை நிறுத்தியது என் விழிப்பு அல்ல, உங்கள் பேச்சு. உங்களுக்கு வந்த மெமோ எனக்கு வந்திருக்க வேண்டியது. சான்றிதழை நேற்று மேலாளர் மேஜையில் வைத்து, எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்கள் மனைவியிடமும் மகளிடமும் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். உங்களிடம்தான் சொல்லவில்லை. அந்த வெட்கம் என்னைவிட்டுப் போகாது.

இன்று காலை குழுவில் என் படத்தை எடுத்துவிட்டேன். நிம்மதியாகப் போய் வாருங்கள், சார். கழுதை இனி என்னிடம் இருக்கிறது.