கமலா அக்காவின் இடது காது

டெலிபோன் ஆபரேட்டருக்குக் குரல் இனிமையாக இருக்க வேண்டும் என்பார்கள். காதைப் பற்றி யாரும் பேச்செடுப்பதில்லை. மாமல்லபுரம் கடற்கரை ஓட்டல் ஒன்றில் ஆறு வருஷம் ஹெட்போன் மாட்டி, இடது காதைப் பறிகொடுத்தவர் கமலா அக்கா. பறித்தவர்களே அவருக்கு ‘அலட்சியம்’ என்று மெமோவும் கொடுத்தார்கள். எம்.ஏ. சேரும் முன் ஒரு வருஷம் செங்கல்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் போய், அதே ஓட்டலின் டெலிபோன் போர்டில் நானும் உட்கார்ந்தேன். காதைக் கொடுத்துச் சம்பளம் வாங்கும் சக ஜீவன்களே, இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

மூன்று பேருக்கு ஒரு பஞ்சு

ஷிப்டுக்கு ஒருவராக நாங்கள் மூன்று பேர்; ஹெட்போன் ஒன்று. தலையில் இரும்புப் பட்டை, இடது காதில் கறுப்புக் கிண்ணம், அதற்குள் ஒரு பஞ்சு வளையம். அக்காவின் வேர்வை உலரும் முன் நான் எடுத்து மாட்டிக்கொள்வேன். இரண்டாவது மாதம் என் காது அரித்தது, பிறகு நீர் வடிந்தது. சொட்டு மருந்து எழுதிய டாக்டர், ஆளுக்கொரு பஞ்சாவது வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

ஸ்டோர் பார்க்கும் வேலு அண்ணனிடம் போனேன். விருந்தாளியின் தலையணைக்குத் தினம் ஒரு உறை மாற்றுகிறீர்கள், எங்கள் காதுக்கு மாதம் ஒரு பஞ்சு மாற்றக் கூடாதா என்று கேட்டேன். அவர் சாவிக்கொத்தைத் தேடிக்கொண்டே சொன்னார்: “அவுங்க தங்க வந்துகீறாங்க. நீ வேலைக்கு வந்துகீறே. இதுல இன்னா சந்தேகம் உனக்கு?”

கைப்பிடி

அறை போன்களில் ஒரு கைப்பிடி இருக்கும். சுற்றினால் எங்கள் போர்டில் மணி அடிக்கும். நாங்கள் லைனுக்கு வந்த பிறகும் சுற்றினால், அந்தச் சத்தம் நேராகக் காதுக்குள் வெடிக்கும். அக்காவுக்கு ஒரு நாளில் இருபது முறையாவது அப்படி விழும். தலையை ஒருமுறை உதறிவிட்டு, “சொல்லுங்க சார்” என்பார்.

மாடியில் தங்கியிருந்த ஒரு ஜவுளிக்கடை முதலாளிக்கு மதராஸ் டிரங்க் கால் கிடைக்கத் தாமதமானது. மனிதர் காப்பி அரைப்பதுபோல் சுற்றித் தள்ளிவிட்டார். அக்காவின் ஷிப்டு முடியக் காத்திருந்த எனக்குத் தாங்கவில்லை. மாடிக்கே போய், “நீங்கள் சுற்றச் சுற்ற இங்கே ஒருத்தியின் காது போகிறது, சார்” என்றேன். அவர் நிதானமாகக் கேட்டார்: “சத்தம் கேட்டுதுல்லம்மா? அப்புறம் ஏன் லைன் குடுக்கல?”

ஏழுமலையின் வைத்தியம்

ஓட்டலுக்கு மீன் கொண்டுவரும் ஏழுமலை, மதராஸ் வியாபாரியிடம் பேச எங்கள் போர்டுக்கு வருவார். ஒரு நாள் ஷிப்டு மாறும் நேரம், ஹெட்போனைக் கழற்றிவைத்த அக்காவின் இடப்பக்கம் நின்று நம்பரைச் சொன்னார். பதில் இல்லை. மறுபடியும் சொன்னார். அக்கா என் முகத்தைப் பார்த்தார். ஏழுமலை கூடையோடு வலப்பக்கம் வந்து சொன்னதும் சட்டென்று எழுதிக்கொண்டார்.

“எத்தனி நாளாக்கா இப்டி?” என்று கேட்டார் ஏழுமலை.

“காதுக்குள்ள ஒரு வண்டு. ஒரு வருஷமா கத்திக்கினே கீது” என்றார் அக்கா. “வெளிய சொல்லிடாதப்பா. ரெண்டு புள்ளைங்களுக்கு இந்தச் சம்பளந்தான் சோறு.”

ஏழுமலை என் பக்கம் திரும்பினார். “எங்க நைனா முப்பது வருசமா அலையில கெடக்குறாரு, காது நல்லாத்தான் கீது. இந்தம்மா ஃபேனுக்குக் கீய குந்திகினே செவுடாயிட்டாங்களே.”

மெமோ

அடுத்த வாரமே மானேஜர் தம் அறையிலிருந்து மூன்று முறை லைன் கேட்டிருக்கிறார். யாரும் பேசவில்லை என்று நினைத்து அக்கா மூன்று முறையும் இணைப்பை உருவிவிட்டார். மெமோ வந்தது. இன்னொன்று வந்தால் வேலை போய்விடும்.

நான் அவரைச் செங்கல்பட்டில் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். சத்தத்தால் நரம்பு தளர்ந்துவிட்டது, போன காது திரும்பாது என்று அவர் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். அதை இணைத்து மூன்று பக்கத்துக்கு மனு எழுதினேன். காதுக்கு ஓய்வு, ஆளுக்கொரு ஹெட்போன், மெமோ வாபஸ் என்று கேட்டிருந்தேன்.

“ரொம்ப சட்டம் பேசாதடி, இருக்கறதும் போயிடும்” என்றார் அக்கா.

நியாயத்துக்குக் காது கேட்கும் என்று நம்பிய என் மூன்று பக்க வாதத்துக்கு, மூன்று வாரம் யோசித்து மானேஜர் எழுதிய பதில் இது: “மெமோ வாபஸ் பெறப்பட்டது; கமலா இனி ஹெட்போனை வலது காதில் மாட்டிக்கொள்ளவும்.”