குழாயில் ஊற்றிய கஞ்சி

யுத்தம் முடிந்து, மன்னாரில் விட்டுவந்த காணியைத் துப்புரவாக்கத் தொடங்கிய வருடம் என் மனைவிக்கு இரைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தது. கொழும்பில் இரைப்பையை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். உள்ளே தைத்த இடத்தில் கசிவு இருந்ததால் அது ஆறும்வரை வாயால் எதுவும் கொடுக்கக்கூடாது என்றார்கள். வயிற்றின் இடப்பக்கம் ஒரு மெல்லிய குழாயைச் சிறுகுடலுக்குள் வைத்திருந்தார்கள். ஒரு சத்துமாவைக் கரைத்து அதன் வழியே சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முன்னும் பின்னும் கொதித்தாறிய தண்ணீர். வேறெதையும் ஊற்றாதீர்கள் என்று தாதி இரண்டு தரம் சொன்னார். தலையாட்டிவிட்டு, இடம்பெயர்ந்து வந்ததிலிருந்து நாங்கள் இருந்த மாம்புரிக்கு அவளைக் கூட்டிவந்தேன்.

வெங்காயத் தோட்டத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு அவளோடு இருந்தேன். சொன்னபடியே செய்தும் அவள் மெலிந்துகொண்டே போனாள். வெங்காயத்துக்கு மருந்தடிக்கும் தாங்கியைத் தூக்கி என் முதுகில் ஏற்றிவிடுகிறவளை, ஒரு கையால் தூக்கிக் குளிக்க வைத்தேன். அவள் முன்னால் சாப்பிட மனம் வராமல், மோட்டர் கொட்டிலுக்குள் நின்று பாண் தின்பேன்.

“ஒளிச்சுத் தின்னாதீங்க. என்ட முன்னால இருந்தே சாப்பிடுங்க” என்றாள் ஒருநாள்.

நோன்பு மாதம் வந்தது. பக்கத்து வீட்டு ராத்தா கஞ்சி கொண்டுவந்தார். மாவில் ஏறாத உடம்பு இதிலாவது ஏறாதா என்று நினைத்து, அதை வெள்ளைத் துணியில் இரண்டு தரம் வடித்துக் குழாயில் விட்டேன். அவளிடம் கேட்கவில்லை. அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்து, “இளஞ்சூடாத் தெரியிது” என்றாள். அந்த மாதத்தில் அவள் முகம் தெளிந்த ஒரே நேரம் அதுதான். அடுத்த நாளும் விட்டேன். மூன்றாம் நாள் குழாய் அடைத்துக்கொண்டது. எவ்வளவு சுடுதண்ணீர் தள்ளியும் இறங்கவில்லை.

வேன் பிடித்துக் கொழும்புக்குக் கொண்டுபோனோம். என்ன ஊற்றினீர்கள் என்று டொக்டர் கேட்டார். மா மட்டும்தான் என்றேன். கட்டிலில் கிடந்தவள் கண்ணைத் திறந்தாள்.

“கஞ்சி ஊத்தினது, டொக்டர். நான்தான் ஊத்தச் சொன்னேன்.”

அவர் யாரையும் ஏசவில்லை. அடைப்பை எடுக்கப் பலவிதமாகப் பார்த்தார்கள், முடியவில்லை. இன்னொரு சத்திரசிகிச்சையை அவள் உடம்பு தாங்காது என்று, மூக்கு வழியாக நீளமான குழாய் ஒன்றை இறக்கினார்கள். அவள் ஆரம்பத்திலிருந்தே பயந்தது அதற்குத்தான். அதன்பிறகு பார்க்க வந்தவர்களுக்கு முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு ஆட்களே வராமல் விட்டார்கள்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என் பொய்யையும் பேச வேண்டிவரும்.

நோய் ஈரலுக்கும் போய்விட்டது, கஞ்சி ஊற்றியிருக்காவிட்டாலும் இதுதான் நடந்திருக்கும் என்று டொக்டர் பிறகு சொன்னார். ஓம் என்று கேட்டுக்கொண்டேன்.

கடைசி நாட்களில் பாதி மா இறங்கும்போதே “போதும்” என்று கையைப் பிடிப்பாள். நான் கேட்காமல் மிச்சத்தையும் விடுவேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின வாரம், லுஹர் தொழுகைக்குப் பிறகு, அவள் என் கையைப் பிடிக்கவில்லை. முழுவதும் இறங்கிய பிறகுதான் முகத்தைப் பார்த்தேன்.